திங்கள் முதல் வேலைப் பேச்சு நம் சொந்த சர்வரில்

எல்லோருக்கும் வணக்கம். வேலையை விட்டுப் போன ஒருவர் நாம் வேலை பேசும் இந்த அரட்டைக் குழுவிலேயே இருந்ததை மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. அதுவரை நாம் போட்ட விலைப்பட்டியல், டிசைன் படம் எல்லாம் அவர் போனுக்கும் போயிருக்கிறது. அவர் மேல் தப்பில்லை, நீக்கியிருக்க வேண்டியது நாம்தான்.

அதனால் ஆபீஸ் சர்வரில் ஜூலிப் என்ற குழு அரட்டை மென்பொருளை நிறுவியிருக்கிறோம். 2015-இல் ஓப்பன் சோர்ஸாக, அதாவது நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தலாம் என்ற முறையில் வெளிவந்தது. உபுண்டு என்ற இயங்குதளம் போட்ட சாதாரண மெஷினிலேயே ஓடும். பேசுவதெல்லாம் நம் டிஸ்க்கில் இருக்கும். ஒருவர் விலகினால் அவர் கணக்கை முடக்கினால் போதும், எல்லா சேனலும் (பேச்சுப் பிரிவும்) அவருக்கு மூடிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தலைப்பு வசதி. 'டெஸ்பாட்ச்' சேனலில் 'ஆர்டர் 412' என்று தலைப்பிட்டால் அந்த ஆர்டர் பேச்சு மட்டும் தனியாக நிற்கும். லாரி வாசலில் நிற்கும்போது நூறு செய்திக்கு நடுவே அளவைத் தேட வேண்டியதில்லை.

இன்று மாலைக்குள் மெயிலில் அழைப்பு வரும். சரி, பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள். ஓடிபி அங்கேயும் போட வேண்டாம். போனில் ஏற்றத் தெரியாதவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் என் மேஜைக்கு வாருங்கள், நானே ஏற்றித் தருகிறேன். பழைய பில் போட்டோக்களைச் சனிக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு இந்தக் குழு மூடப்படும்.