மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்

சென்னை-42

அன்புள்ள ஒண்ணாம் நம்பருக்கு,

நீ அனுப்பிய மூன்று குரல்செய்திகளையும் கேட்டேன். பதிலைப் பேசி அனுப்பினால் சொல்ல வேண்டியது சிதறிப்போகும். உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் வீட்டுச் செய்தி.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார். கண் விழித்ததும், "அந்த கோல்கீப்பர் பையன் சிங்கப்பூர்லதானே இருக்கான்?" என்று கேட்டார். பெரியவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. சின்னவன் பிளஸ் டூ. வேறு விசேஷமில்லை.

வாரக்கடைசிக் காலைகளில் பையன்களுக்கு நம்முடைய தண்ணீர்ப் பந்தாட்டம், வாட்டர் போலோ, சொல்லித் தருகிறேன் என்று போன முறை சொன்னேன் அல்லவா? இப்போது பதினான்கு பேர் வருகிறார்கள். நான்கு பேர் காசிமேட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வருபவர்கள். கடலில் வளர்ந்த பிள்ளைகள், நீந்தச் சொன்னால் அம்பு மாதிரி போவார்கள். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு கையையும் வெளியே தூக்கிக்கொண்டு நில் என்றால் திணறிப் போகிறார்கள். அதனால் காலை மட்டும் சுழற்றித் தண்ணீரில் நிற்கும் எக்-பீட்டரிலிருந்துதான் ஆரம்பித்தேன். குளத்தின் விளிம்பில் உட்கார வைத்து, வலது கால் ஒரு வட்டம், இடது கால் எதிர் வட்டம், மாறி மாறி. "தயிர் கடையிற மத்து ஒரு பக்கம் சுத்தி மறு பக்கம் சுத்துது இல்ல, அதை ரெண்டு காலுக்கும் பிரிச்சுக் குடு" என்று சொன்ன பிறகுதான் அவர்களுக்குப் பிடிபட்டது. இப்போது பாதி நிரப்பிய தண்ணீர்க் கேனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அரை நிமிஷம் நிற்கிறார்கள். அதில் ஒருவன் மார்பு வரைக்கும் தண்ணீருக்கு மேலே வருகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் மெரினா குளத்தில் கோல்கீப்பரின் சிவப்புத் தொப்பியோடு நீ எழும்பி நின்ற நிற்பு ஞாபகம் வருகிறது.

குளம்தான் பெரிய பாடு. எங்களுக்குக் கிடைத்த குளத்தில் ஒரு பாதி இடுப்பளவு ஆழம்தான். கால் தரையில் பட்டாலே தப்பு என்கிற ஆட்டத்தை, பாதிப் பேர் நின்றுகொண்டு ஆடினால் எப்படி? ஆழமான பாதியில் மட்டும் கயிறு கட்டி, பிவிசி குழாயில் கோல் போஸ்ட் செய்து மிதக்க விட்டிருக்கிறேன். நல்ல குளத்தில் நேரம் கேட்டு எழுதிக் கொடுத்த மனு ஏழு மாதமாக அப்படியே கிடக்கிறது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆண்களுக்கான ஆட்டக் களத்தை 30 மீட்டரிலிருந்து 25 ஆகக் குறைத்துவிட்டார்கள். பந்தை வைத்திருக்கும் நேரமும் 30 விநாடியிலிருந்து 25 ஆகிவிட்டது. பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் 25 மீட்டர் குளங்கள்தானே அதிகம்? ஆழம் மட்டும் இருந்துவிட்டால் முழு ஆட்டமே ஆடிவிடலாம்.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். 2025 ஜூலையில் உங்கள் ஊரில் உலக சாம்பியன்ஷிப் நடந்தபோது, ஸ்பெயின் ஹங்கேரியை வென்ற இறுதி ஆட்டத்தைப் பற்றி நீ அவ்வளவு பேசினாய். நான் மட்டும் ஏன் எப்போதும் தகுதிச்சுற்றுகளையே தேடிப் பார்க்கிறேன் என்று கேட்டாய். இறுதி ஆட்டத்தில் தோற்றாலும் வெள்ளி உண்டு. தகுதிச்சுற்றில் தோற்றவனுக்கு நான்கு வருஷம் போய்விடும். அந்த நான்கு வருஷத்தில் அவன் வயது தாண்டிவிடும்.

2021 பிப்ரவரியில் ராட்டர்டாமில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியை எடுத்துக்கொள். கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போன போட்டி. 12 அணிகள், டோக்கியோவுக்கு மிச்சம் இருந்ததோ 3 இடம். அப்படியென்றால் அரையிறுதியில் ஜெயித்த இரண்டு அணிக்கும் டிக்கெட் கையில் வந்துவிட்டது. அவர்கள் ஆடும் இறுதி ஆட்டம் வெறும் மரியாதைக்கு. உயிர் போகும் ஆட்டம் மூன்றாம் இடத்துக்கானதுதான். மூன்றாவது வந்தால் ஒலிம்பிக், நான்காவது வந்தால் வீடு. உலகத்தில் வேறெங்கும் வெண்கல ஆட்டத்தை அப்படி ஆட மாட்டார்கள். அன்று அந்த ஆட்டத்தில் இறங்கியது யார் தெரியுமா? குரோஷியா. 2012 லண்டனில் தங்கம், 2016 ரியோவில் வெள்ளி வாங்கிய நாடு. அரையிறுதியில் தோற்று, கடைசி இடத்துக்காகத் திரும்பவும் தண்ணீரில் குதித்து, ஜெயித்துத்தான் டோக்கியோ போனார்கள்.

அதே போட்டியில் கிரீஸ் இரண்டாவதாக வந்தது. கடைசிக் கதவு வழியாக உள்ளே நுழைந்த அணி, டோக்கியோவில் இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டது. செர்பியாவிடம் 13-10 என்று தோற்றார்கள். ஆனாலும் ஒலிம்பிக்கில் கிரீஸ் ஆண்கள் அணிக்கு அதுதான் முதல் பதக்கம். பிப்ரவரியில் டிக்கெட்டே இல்லாதவர்கள் ஆகஸ்டில் வெள்ளியோடு நிற்கிறார்கள். இதைப் பையன்களுக்குச் சொன்னபோது காசிமேட்டுக்காரன் ஒருவன், "அப்போ இந்தியாவும் போலாமா சார்?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சிலியை நம்மவர்கள் 7-4 என்று ஜெயித்த கதையைச் சொன்னேன். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் வாட்டர் போலோ தங்கம் நமக்குத்தான். அதில் ஆடிய சச்சின் நாக்தான் அதே போட்டியில் 100 மீட்டர் நீச்சலிலும் தங்கம் வாங்கினார். 1952-ல் ஹெல்சிங்கி போனோம், அதற்குப் பிறகு ஒலிம்பிக்குக்கு நம் அணி போகவேயில்லை. ஆசிய விளையாட்டில் 1970-ல் வெள்ளியும் 1982-ல் வெண்கலமும் வந்தன, அவ்வளவுதான். கேட்டு முடித்ததும் அந்தப் பையன், "அவங்கள்லாம் எந்தக் குளத்துல பழகினாங்க சார்?" என்றான். அவனுக்கு அதுதான் முக்கியமாகப் பட்டிருக்கிறது.

சிங்கப்பூரைப் பார். 1965-லிருந்து 2017 வரை தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் ஒரு தங்கத்தையும் விடாமல் வாங்கிய அணி. 2019-ல் தங்கம் இந்தோனேசியாவுக்குப் போனபோது உன் ஆபீசில் இரண்டு நாள் இதே பேச்சு என்று சொன்னாய். ஒரு தோல்விக்கு ஒரு ஊரே வருத்தப்படுகிறது என்றால் அங்கே அந்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊரிலும் அப்படி வருத்தப்பட நூறு பேர் வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

சரி, உட்கார்ந்து எழுத வேண்டும் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

1991, மாநில அணிக்கான தேர்வு ஆட்டம். அன்று வெள்ளிக்கிழமை. ரெஃப்ரி நகம் பார்ப்பார் என்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது என்று உன் அம்மா நகவெட்டியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள். கண்ணகி சிலை பஸ் ஸ்டாப்பில் நின்று, பெட்டிக்கடையில் வாங்கிய பிளேடால் நான்தான் உன் பத்து விரலுக்கும் நகம் சீவினேன். இடது சுண்டுவிரலில் ரத்தம் வந்தது. அதோடுதான் கோலில் நின்றாய்.

கடைசிக் கால் பகுதி, 6-6. ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. நான் இடது பக்கத்திலிருந்து அடித்த பந்து தடுக்கப்பட்டு அவர்கள் கைக்குப் போனது. அவர்கள் கிளம்பி வந்தார்கள். உன் முன்னால் மூன்று பேர், உனக்குத் துணைக்கு ஒரே ஒருவன். பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டார்கள், நீ எழும்பினாய், விரல் நுனியை உரசிக்கொண்டு உள்ளே விழுந்தது. 7-6. அணி அறிவித்தபோது நம் இரண்டு பேர் பெயரும் இல்லை. "இன்னும் ஒரு சாண் எழும்பியிருந்தா" என்று அன்று பஸ்ஸில் சொன்னாய். உன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மொட்டை மாடியில் சொன்னாய். போன மாதக் குரல்செய்தியிலும் சொல்கிறாய்.

அந்தக் கோலை அடித்தவன் என் ஆள். அவனைப் பிடிக்க வேண்டியவன் நான். என் பந்து தடுக்கப்பட்டதும் ஃபவுல் என்று நினைத்து, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ரெஃப்ரியைப் பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். மூன்று விநாடி இருக்கும். திரும்பிப் பார்த்தபோது அவன் பாதிக் குளம் தாண்டியிருந்தான். எல்லாருடைய கண்ணும் பந்து மேல் இருந்ததால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நீயும் பார்க்கவில்லை. நீ உன்னையே குறை சொல்லிக்கொண்டதால் நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பையன்களை வீட்டுக்கு வரச் சொல்லி, முடிவைச் சொல்லாமல், ராட்டர்டாம் மூன்றாம் இட ஆட்டத்தின் பதிவைப் போட்டுக் காட்டினேன். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே சுண்டலுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தார். பந்து கைமாறிய நொடியிலேயே எல்லாத் தொப்பியும் ஒரே திசையில் திரும்புகிறது. ஃபவுலா இல்லையா என்று பார்க்க ஒருவன்கூட நிற்கவில்லை. "ரெஃப்ரியைப் பார்க்காதே, உன் ஆளைப் பாரு" என்று பையன்களிடம் சொன்னேன். சொல்லும்போதே தொண்டை அடைத்துக்கொண்டது. அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரியே இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

நீ எழும்பியது போதும், நண்பா. அந்தப் பந்துக்கு அதற்கு மேல் யாரும் எழும்ப முடியாது. கோபம் வந்தால் திட்டி எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

டிசம்பரில் வரும்போது ஒரு உதவி. இங்கே எங்களிடம் இருப்பது இரண்டே பந்து, அதில் ஒன்று வழுக்குகிறது. ஐந்தாம் நம்பர் மஞ்சள் பந்து, மிகாசா கிடைத்தால் நல்லது, ஆறு வாங்கி வா. காசு இங்கே தந்துவிடுகிறேன். காற்றை இறக்கிவிட்டு மடித்து வைத்தால் பெட்டியில் புடவைகளுக்கு நடுவிலேயே அடங்கிவிடும். வந்த வாரம் ஒரு காலை மட்டும் அரை மணி நேரம் கோலில் நில். நீ எழும்புவதைக் காசிமேட்டுக்காரன் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சிவப்புத் தொப்பி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் ஏழாம் நம்பர்