ஒரு கிளையை மட்டும் விட்டுவை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையாகவே சுகம்தான். அம்மாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை. தோட்டத்தில் மேல் வரிசை லயத்துப் பிள்ளை லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் நீ அழுதால் எனக்குப் பேச்சு வருவதில்லை; மழை, கோழி என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுகிறேன். எழுதினால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பேன்.

போன கிழமை நீ கேட்டாய்: "வீடே போச்சு, எனக்கு மூணு மாசமா சம்பளமும் தரல்ல, இன்னும் எதுக்கப்பா ஸ்தோத்திரம்?" நான் "அப்படிப் பேசாதே" என்று வெட்டிவிட்டேன். அது என் பிழை. கேட்கக்கூடாத கேள்வி ஒன்றுமில்லை அது. அன்று இரவு முழுக்க நான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த அந்த இரவை நான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. மழை சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் மலையிலிருந்து தண்ணீர் விழுகிற பீலியைப் பார்த்தாள். இரண்டு நாளாகச் செம்மண் கலங்கி ஓடிய தண்ணீர் திடீரென்று நின்றுபோய்விட்டது. அவ்வளவு மழையில் பீலி வற்றுமா? மேலே எங்கேயோ மண் அடைத்துக்கொண்டது என்று புரிந்தது. உடுத்த துணியோடு லயத்தை விட்டு ஓடினோம். வாசல் இஸ்தோப்பில் தொங்கிய உன் பள்ளிக்கூடப் படத்தை எடுக்கத் திரும்பியவனை அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். விடிந்து பார்த்தால் லயத்து வரிசையில் கடைசி நாலு காம்பரா வீடும் இல்லை. அதில் நம்முடையது மூன்றாவது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலைப்பக்கம்தான் அதிகம்.

அப்புறம் பள்ளிக்கூடத்தில் முகாம். ஒரு மாலை ஜெபத்தில் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார்: நாங்கள் முழங்காலில் நின்றோம், கர்த்தர் எங்கள் வீட்டைத் தொடவிடவில்லை என்று. நல்ல மனிதர், பெயர் எழுத மாட்டேன். ஆனால் அவருக்குப் பின்வரிசையில் தம்பியைப் புதைத்துவிட்டு வந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தத் தம்பியும் ஜெபம் பண்ணுகிறவன்தான். எனக்குக் கோபம் வந்தது. அன்று இரவு லூக்கா 13 எடுத்துப் படித்தேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். மண் சரிந்ததற்கு யாருடைய பாவமும் காரணமில்லை, யாருடைய ஜெபம் குறைந்ததும் காரணமில்லை மகளே. உன்னிடம் யாராவது வேறு மாதிரிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்தோத்திரம் என்றால் வலிக்கவில்லை என்று நடிப்பது என்று நீ நினைக்கிறாய். அப்படி நினைக்க வைத்தது நாங்கள்தான், கோயிலில் எப்போதும் சிரித்த முகமாக நின்று. 88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை எடுத்துப் பார். கடைசி வரி வரைக்கும் இருட்டுத்தான். முடிவில் ஒரு அல்லேலூயாகூடக் கிடையாது. அப்படி இருந்தும் அதைத் தூக்கி வீசாமல் வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். அழுகிறவன் அவரைப் பார்த்து அழுதான், வேறு பக்கம் திரும்பவில்லை. அதனால்தான் வைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

உன் அப்பாயியை உனக்குச் சரியாக ஞாபகம் இருக்காது. தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பிரித்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் வந்தது. அதில் பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியா என்று எழுதியிருந்தது, எங்களுக்கு இங்கே. பெரியப்பா ஹட்டனில் கோச்சி ஏறினார், தலைமன்னாரில் இறங்கி ராமேஸ்வரத்துக்குக் கப்பல். அப்பாயி ஸ்டேஷனில் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். ஜெபம், பாட்டு ஒன்றும் இல்லை, சுத்தமான ஒப்பாரி. வீட்டுக்கு வந்து அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். கோயிலில் பாடுகிற துதிப் பாட்டுத்தான், ஆனால் ராகம் அந்த ஒப்பாரி ராகம். நான் சின்னப் பையன், எனக்குப் பயமாக இருந்தது. இப்போது அந்த ராகம்தான் எனக்கு வருகிறது.

பெரியப்பா கப்பல் ஏறுவதற்கு முன்னால் பஞ்சம், 1973, 74. மாவும் சீனியும் கிடைக்காமல் தோட்டத்துச் சனம் கீரையும் இலையும் அவித்துத் தின்ற காலம். நாங்கள் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்போமே, அதற்கும் சீனி இல்லாமல் போனது. ஆனாலும் அப்பாயி எங்களை வட்டமாக உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, ஜெபம் பண்ணுவாள். பிறகு வெறும் கையை நக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம். என் தம்பி ஒருநாள், "அம்மா, இண்டைக்குக் கை உப்பா இருக்கு" என்றான். அவளும் சிரித்தாள். "இனிப்பு இல்லண்டு ஆண்டவர்கிட்டயே சொல்லு, என்கிட்ட சொல்லாத" என்றாள். ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தில் அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் என்று வருகிற இடத்தை அவள் எங்களுக்காக மாற்றிச் சொல்லுவாள்: கொழுந்து வராமற்போனாலும், நாட்கூலிக்குப் பேர் விழாமற்போனாலும். அவளுடைய தாத்தா "கோப்பி பூக்காமற்போனாலும்" என்றுதான் சொல்வாராம். 1869-இல் கோப்பி இலையில் நோய் விழுந்து தோட்டம் தோட்டமாக அழிந்ததே, அந்தக் கதை அவர் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அத்திமரத்தை நம்மில் யார் கண்டது?

எங்கள் போதகர் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணாத வருசம் இல்லை. வெட்டினால்தான் துளிர்க்குமாம். 31 வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன் நான், கீழே உட்கார்ந்து மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். எல்லாச் செடியும் துளிர்ப்பதில்லை ஐயா, சிலது செத்தே போகும். வேரில் மாச்சத்து இல்லாத நேரத்தில் வெட்டினால் செடி போய்விடும். அதனால்தான் முதலில் வேரை நறுக்கி அயடின் தொட்டுப் பார்ப்பார்கள். கறுநீலமாக மாறினால் வெட்டலாம், மாறாவிட்டால் பொறுக்க வேண்டும். பலவீனமான செடியை மொட்டையாக வெட்டாமல் இலையோடு ஒரு கிளையை விட்டுவைப்போம். அந்த ஒரு கிளையில்தான் செடி மூச்சு விடும். பார்க்க அசிங்கமாக, ஒற்றைக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். புதுத் துளிர் வந்த பிறகுதான் அதையும் எடுப்போம்.

உன்னிடம் நான் கேட்பது அந்த ஒரு கிளையைத்தான். முழு ஜெபம் வேண்டாம், ஒரு மணி நேரம் முழங்காலும் வேண்டாம். படுக்கும்போது "ஆண்டவரே, உம்மேல் எனக்குக் கோபம்" என்று சொன்னால்கூடப் போதும். அதையும் அவரிடம்தானே சொல்லுகிறாய்.

ஆனால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சம்பளத்தைக் கேட்காமல் இருந்துவிடாதே. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார், ஐந்தாம் அதிகாரம். எத்தனையாம் திகதி கேட்டாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவை. பாஸ்போர்ட் பிரதியும் ஒப்பந்தமும் யாரிடமாவது பத்திரமாக இருக்கட்டும். நம் தூதரகத்தில் தொழிலாளர் பகுதி இருக்கிறது, அங்கே போய்ச் சொல். தனியாகப் போகாதே, கோயிலில் யாரையாவது கூட்டிக்கொண்டு போ. இங்கே நிவாரணப் பட்டியலில் முதலில் நம் பெயர் இல்லை. நான் ஆறு தடவை ஏறி இறங்கினேன். ஜெபமும் பண்ணினேன், சத்தமும் போட்டேன். இரண்டில் எது வேலை செய்தது என்று அம்மா கேட்கிறாள்.

கிறிஸ்மஸ் முகாமில்தான் போனது. கொக்கிஸ் பலகாரமும் இல்லை, புது உடுப்பும் இல்லை. பிள்ளைகள் நிவாரணமாக வந்த பால்மாப் பெட்டி அட்டையை வெட்டி நட்சத்திரம் செய்தார்கள், ஒரு முனையில் பெட்டியின் திகதி அப்படியே தெரிந்தது. தம்பியைப் புதைத்தாளே, அவள்தான் அதற்கு நூல் கட்டிக் கொடுத்தாள். பாடும்போது அவள் வாய் திறக்கவில்லை. யாரும் அவளைப் பாடச் சொல்லவும் இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அங்கே வெள்ளிக்கிழமைதானே ஆராதனை? முடிந்தால் போ. போய்ச் சும்மா உட்கார்ந்திரு. இங்கே ஞாயிற்றுக்கிழமை உனக்கும் சேர்த்து அம்மா பாடிவிடுவாள், அவள் சுருதி உனக்குத் தெரியும். நாங்கள் இப்போது கோயில் மண்டபத்தில் இருக்கிறோம், பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு வேண்டுமே. சிவப்புக் கோழி எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது, வாலில் பாதி இல்லை. முட்டை இடுகிறது.

ஜெபத்துடன்,
அப்பா