பொத்தானுக்கு ஒரு பெயர்

திருத்துறைப்பூண்டி

அன்புள்ள முருகேசனுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூர் திறந்துவிட்டார்கள். நாங்கள் கடைமடை அல்லவா, தண்ணீருக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

ஆள் தொடாமல் ஒரு ஆப்பை எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். நாங்கள் வைத்திருப்பது ஆப்பியம் என்ற சோதனைக் கருவி. கணினியில் அதன் சர்வர் ஓடும். "இந்தப் பொத்தானைத் தேடு, தட்டு, அடுத்த திரையில் ரசீது எண் வந்ததா பார்" என்று நான் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லும். ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கொடுக்கும் யூஐ ஆட்டோமேட்டர், ஐபோன் என்றால் ஆப்பிள் கொடுக்கும் எக்ஸ்சியூஐடெஸ்ட் என்ற சோதனை ஏற்பாட்டின் வழியாக அந்தக் கட்டளை போனுக்குள் போகும்.

இதில் பெரிய தொல்லை காத்திருப்பதுதான். நெட் மெதுவாக இருந்தால் பொத்தான் வருவதற்குள் ஸ்கிரிப்ட் தேடிவிட்டு, இல்லை என்று சொல்லிவிடும். ஐந்து விநாடி சும்மா நில் என்று எழுதினால் ஒரு நாள் சரியாக ஓடும், மறுநாள் விழும். மேட்டூர் திறந்து இத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தா நாற்று விடுகிறோம்? வாய்க்காலைப் போய்ப் பார்க்கிறோம். அதே போல, பொத்தான் வந்ததா என்று திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லி எழுத வேண்டும். கூகுளின் எஸ்பிரெஸ்ஸோ என்ற இன்னொரு சோதனைக் கருவி ஆப்போடு சேர்ந்தே ஓடுவதால், திரை வேலை முடியும் வரை தானே பொறுத்திருக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஆப்பியம் பெரும்பாலும் திரையைப் படமாகப் பார்ப்பதில்லை. அதில் உள்ளவற்றின் பட்டியலை வாங்கி, பெயர் வைத்துத்தான் தேடுகிறது. ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டியல், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் பயன்படுத்தும் அதே ஏற்பாட்டிலிருந்து வருகிறது. போன மாதம் உன் சித்தப்பாவிடம் எங்கள் ஆப்பைக் கொடுத்தேன். அவர் விரலை நகர்த்த நகர்த்த போன் பேசியது. அனுப்பும் பொத்தான் மேல் வந்ததும், "பிடிஎன் சப் டூ" என்றது. "இது என்னப்பா?" என்று கேட்டார்.

அது நான் கேட்டு வைத்த பெயர். படித்துச் சொல்ல வேண்டிய விளக்கம் இருக்கும் இடத்தில், ஸ்கிரிப்டின் வசதிக்காக அதைப் போடச் சொன்னவன் நான்தான். சோதனை தினமும் பச்சை காட்டியது. எழுத்து மாறாமல் இருந்தால் கருவிக்குப் போதும். அதற்கு அர்த்தம் உண்டா என்று அது கேட்காது. அன்றிரவு தூக்கம் வரவில்லை, முருகேசா.

இப்போது ஸ்கிரிப்ட் தேடுவதற்கு ரிசோர்ஸ் ஐடி என்ற உள் அடையாளப் பெயர் தனியாக இருக்கிறது. டாக்பேக் அதைப் படிக்காது. விளக்கத்தில் "விண்ணப்பத்தை அனுப்பு" என்று தமிழில் போட்டாயிற்று. ஐபோனிலும் ஸ்கிரிப்ட் தேடும் பெயருக்கும் படித்துச் சொல்லும் விளக்கத்துக்கும் வேறு வேறு இடம் உண்டு. பெயரே இல்லாத பொத்தான் இருந்தால் சோதனை விழும்படியும் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புது வெர்ஷனோடு சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன். அவருக்கு ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமென்றால் அதற்குள் போன் பண்ணு.

அன்புடன்,
சேகர்