சுடுதண்ணீர் லைனில் வெள்ளை பைப்: ரூ.18,230 திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்,
நங்கநல்லூர், சென்னை.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வீட்டுப் பராமரிப்புச் சேவை நிறுவனம்,
சென்னை.

பொருள்: குளியலறைக் கசிவு வேலையில் நடந்த சேவைக் குறைபாடு, உத்தரவாதம் மறுக்கப்பட்டது, பணத்தைத் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் செயலியின் அரட்டைப் பெட்டியில் எழுதி எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் வந்து "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்கிறார், பிறகு புகாரை மூடிவிடுகிறார். கடைசியாக வருந்தியவர் சோபா சுத்தம் செய்வதற்கு 250 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருந்தார். என் வீட்டில் சோபாவே கிடையாது. அதனால்தான் முறைப்படி இந்தக் கடிதம்.

எங்களுடையது மாடி வீடு. மேலே நாங்கள், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். அவர்களுடைய படுக்கையறைக் கூரையில் ஈரத் திட்டு தெரிந்ததும் உங்கள் செயலியில் 'சுவருக்குள் கசிவு' என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து ஆள் கேட்டேன். வந்த தம்பியிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னேன். யாரும் குளிக்காத ராத்திரி நேரத்திலும் கீழே சொட்டுகிறது. குளிக்கும்போது மட்டும் சொட்டினால் தரையையோ கழிவுநீர்க் குழாயையோ சந்தேகப்படலாம். எந்நேரமும் சொட்டினால் தண்ணீர் வரும் அழுத்த லைனில்தான் ஓட்டை. அவருக்கும் அது புரிந்தது. "சுவரை உடைச்சுதான் மேடம் பார்க்கணும்" என்று அவரே சொன்னார். பிறகு உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பேசி முடித்ததும் அவருடைய பேச்சு மாறிவிட்டது. சுவர் உடைக்கும் வேலை இந்தப் பேக்கேஜில் வராதாம், தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டரின் உள்பாகத்தை மாற்றிப் பார்க்கலாமாம், இந்த வேலைக்குச் செயலி முக்கால் மணி நேரம்தான் காட்டுகிறதாம்.

உங்கள் பெயர் அச்சிட்ட பெட்டியிலிருந்து டைவர்ட்டருக்குப் புது உள்பாகமும் (கார்ட்ரிட்ஜ்) முன்தகடும் வந்தன. கூலியோடு சேர்த்து பில் ரூ.3,890. கிளம்பும்போது, ஐந்து நட்சத்திரம் போடாவிட்டால் அடுத்த வேலை வருவது குறையும் என்று கெஞ்சினார். போட்டேன். கீழே சொட்டுவது சொட்டிக்கொண்டே இருந்தது.

உத்தரவாதத்தில் திரும்பக் கூப்பிட்டபோது உங்கள் பக்கத்திலிருந்து வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "மாற்றப்பட்ட டைவர்ட்டர் சரியாக இயங்குகிறது, எனவே உத்தரவாதம் பொருந்தாது." டைவர்ட்டர் முன்பும் சரியாகத்தான் இயங்கியது. கெடாத பாகத்தை மாற்றினால் அதற்குக் கொடுக்கும் உத்தரவாதத்தை யாராலும் பயன்படுத்தவே முடியாது. உங்களுக்கு வசதியான ஏற்பாடுதான்.

சரி, சுவர் உடைக்கும் பேக்கேஜையே தனியாகப் போட்டேன். இம்முறை வேறு ஒருவர் வந்தார். டைல்ஸை உடைத்துப் பார்த்ததில் சுடுதண்ணீர் லைனில், மிக்சருக்குப் போகும் பிராஸ் எல்போவில் (வளைவு இணைப்பில்) முடி அளவு விரிசல். கண்டுபிடித்தது சரியான இடம், அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதன் பிறகு செய்த வேலைதான் இந்தப் புகாருக்குக் காரணம்.

எங்கள் சுவருக்குள் இருப்பது சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப், வெளிர் மஞ்சள் நிறம். அவர் விரிசல் விட்ட பகுதியை அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் யுபிவிசி என்ற வேறு வகை பிளாஸ்டிக் பைப்பின் வெள்ளைத் துண்டைப் போட்டார். "மத்ததெல்லாம் மஞ்சளா இருக்கே, இது மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?" என்று அப்போதே கேட்டேன். "கம்பெனி கொடுத்த ஸ்டாக் மேடம், இதுவும் நல்ல பைப்தான்" என்றார். நல்ல பைப்தான், பச்சைத் தண்ணீருக்கு. யுபிவிசி குடிநீர்க் குழாய்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4985 அதை 45 டிகிரி வரையிலான தண்ணீருக்குத்தான் சொல்கிறது. சுடுதண்ணீருக்கும் சேர்த்து வகுக்கப்பட்டது சிபிவிசி-க்கான ஐஎஸ் 15778. எங்கள் கீசர் 60 டிகிரியில் வைத்திருக்கிறது. முழங்கால் வலியுள்ள மாமியாருக்குத் தினமும் சுடுதண்ணீர் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. முக்கால் இஞ்ச் சிபிவிசி பைப்பின் வெளிவிட்டம் சுமார் 22 மில்லிமீட்டர், முக்கால் இஞ்ச் யுபிவிசி-யினுடையது 26 மில்லிமீட்டருக்கும் மேல். பெயரில்தான் ஒரே அளவு. ஒன்றின் சாக்கெட்டில் மற்றது உட்காராது, ஒன்றுக்கான பசை மற்றதைச் சரியாகப் பிடிக்காது. அதனால் துண்டின் இரண்டு பக்கமும் மரை வைத்த அடாப்டர் போட்டு, டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கினார். ஒரு ஜாயின்ட் விரிசல் விட்டதென்று கூப்பிட்டால், இருந்ததைவிட அதிக ஜாயின்ட்டுகளைச் சுவருக்குள் வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

மூடியதும் அதே சூட்டில். பசை காய நேரம் விடவில்லை, அழுத்தம் கொடுத்துச் சோதிக்கவில்லை. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார், வந்தது, சிமென்ட் பூசினார். உடைத்த இடத்தில் வாட்டர் புரூஃபிங் பூச்சு திரும்ப அடிக்கப்படவில்லை. மீந்த கலவையையும் டைல்ஸ் சில்லுகளையும் பக்கெட் தண்ணீர் ஊற்றித் தரை ஜாலிக்குள்ளேயே தள்ளிவிட்டார். அது ஜாலிக்குக் கீழே கழிவுநீர் தங்கிப் போகும் நானி ட்ராப்பில் போய் உட்கார்ந்து இறுகி, குளித்த தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. வயதானவர் நடக்கும் தரை அது. பில் ரூ.8,640. அதில் 'தளச் சுத்தம்' என்று ஒரு வரியும் இருக்கிறது, அதற்கும் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

சில வாரங்களிலேயே கீழ்வீட்டிலிருந்து அழைப்பு. இம்முறை திட்டு பெரிது, சுண்ணாம்பு உப்பிப் பிள்ளைகளின் படிப்பு மேசை மேல் உதிர்ந்திருந்தது. பில்லில் எழுதியிருந்த முப்பது நாள் உத்தரவாதம் அப்போது முடியவில்லை. உங்கள் பதில்: "இது வேறு இடத்துக் கசிவாக இருக்கலாம்." யாரும் வந்து பார்க்காமலே அந்த முடிவு எடுக்கப்பட்டது. ஆளை அனுப்ப மறுபடியும் வருகைக் கட்டணம் கேட்டீர்கள்.

நான் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளம்பர் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் எதையும் உடைப்பதற்கு முன்னால் கீசருக்குப் போகும் வால்வை மூடிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை கீழே சொட்டுவது நின்றிருந்தது. அப்போது சுடுதண்ணீர் லைன்தான் என்று உறுதி. சுவரைத் திறந்தால் நீங்கள் போட்ட வெள்ளைத் துண்டு சூட்டில் இளகிச் சற்று வளைந்திருந்தது, மரை இருந்த இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வேறு இடமில்லை, உங்கள் ஆள் கைவைத்த அதே இடம். அவர் சிபிவிசி-யிலேயே மாற்றி, கைப்பம்பை இணைத்து அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்த்து, சுவரைத் திறந்தபடியே ஒரு ராத்திரி விட்டுவிட்டு அப்புறம்தான் கொத்தனாரை வரச் சொன்னார். இதற்கெல்லாம் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. அவசரம் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் முக்கியமான சாக்குக்கு வருகிறேன். "வேலை செய்தவர் எங்கள் ஊழியர் அல்ல, சுயமாக இயங்கும் பங்குதாரர். நாங்கள் இணைப்பு மட்டுமே ஏற்படுத்துகிறோம்" என்று எழுதியிருந்தீர்கள். யார் வருவார் என்று நான் தேர்ந்தெடுக்கவில்லை. கூலியை அவர் நிர்ணயிக்கவில்லை. பணம் உங்கள் கணக்குக்கு வந்தது, உத்தரவாதம் உங்கள் பெயரில் இருக்கிறது, பைப்பும் உங்கள் ஸ்டாக். பிளம்பிங் போன்ற வீட்டுச் சேவைகளை, ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லாத தொழிலாளிகள் செயலி வழியாகச் செய்யும்போது, மத்திய ஜிஎஸ்டி சட்டம் 9(5) பிரிவின்கீழ் செயலி நிறுவனம்தான் வரி கட்ட வேண்டும். அந்தச் சேவையை நிறுவனமே வழங்கியதுபோலச் சட்டம் பொருந்தும். வரிக்கு நீங்கள் பிளம்பர், குறைக்கு மட்டும் தரகரா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11), சேவையின் தரத்திலோ செய்யும் முறையிலோ உள்ள குறையைச் சேவைக் குறைபாடு என்கிறது. தவறான பைப்பைச் சுவருக்குள் வைத்து, சோதிக்காமல் மூடியது இதற்குள் வராது என்று நீங்கள் வாதாடினால் அதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

நான் கேட்கும் தொகை இது. தேவையில்லாமல் மாற்றிய டைவர்ட்டர் பாகங்களுக்கான முதல் பில் ரூ.3,890. பயனற்றுப் போன இரண்டாவது பில் ரூ.8,640. நானி ட்ராப்பில் இறுகிய சிமென்ட்டை எடுக்கக் கொடுத்த ரூ.1,200. கீழ்வீட்டுக் கூரையைச் சுரண்டிப் பட்டி பார்த்து வர்ணம் அடித்த ரூ.4,500. மொத்தம் ரூ.18,230. முதலில் தெரிந்த சிறிய திட்டு நீங்கள் வருவதற்கு முன்பே இருந்தது, அதைச் சரிசெய்த செலவை இதில் சேர்க்கவில்லை. பிளம்பர் அண்ணனுக்கும் கொத்தனாருக்கும் கொடுத்த ரூ.11,200-ஐயும் கேட்கவில்லை. ஒழுங்கான வேலைக்கு யாரிடம் போனாலும் அந்தக் காசு ஆகியிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். இந்தத் தொகையை அந்த இரண்டு தொழிலாளிகளின் கணக்கில் பிடிக்கக் கூடாது, இதைக் காரணம் காட்டி அவர்களின் ஐடியை முடக்கவும் கூடாது. முதலில் வந்தவர் சரியாகத்தான் சொன்னார், அவரை மாற்றிப் பேச வைத்தது உங்கள் அலுவலகம். இரண்டாமவருக்குச் சுடுதண்ணீர் லைனுக்கு எந்தப் பைப் என்று தெரிந்திருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் பையில் ஒரே வகைப் பைப்பையும் கையில் ஓடும் கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பியது யார்? வேலை முடிந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறீர்கள், அது மூடிய சுவரின் படம். திறந்த சுவரின் படத்தைக் கேட்டிருந்தால் உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் அந்த வெள்ளைத் துண்டைப் பார்த்திருப்பார். என்னிடம் அந்தப் படம் இருக்கிறது, டைல்ஸ் நிறம் பார்க்க எடுத்தது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இரண்டு பில்கள், அரட்டையின் நகல், வளைந்த பைப்பின் படம், பிளம்பர் அண்ணன் எழுதிக் கொடுத்த குறிப்பு, கூரைக்கும் ட்ராப்புக்கும் ஆன செலவின் ரசீதுகள் ஆகியவையும் இணைப்பில் உள்ளன. அறுத்து எடுத்த வெள்ளைத் துண்டு என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பொறியாளர் யாராவது வந்து பார்க்கலாம், வருகைக் கட்டணம் கேட்க மாட்டேன்.

மின்வணிக விதிகள் 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசமும் இருக்கிறது. அங்கே போனால் மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்துக் கேட்பேன், இந்த 18,230-இல் நிற்காது.

பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசி, பேசியதற்குச் சாட்சி இல்லாமல் போவதை இனி ஏற்க மாட்டேன். பணத்தை நான் செலுத்திய அதே வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். செயலியின் பணப்பையில் போட்டுக் கணக்கை முடிக்க வேண்டாம், கூப்பனும் வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்,
நங்கநல்லூர்.