கொச்சிக் கிட்டங்கிகளை மழையில் போய்ப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்ட நிர்வாகத்துக்கும், கடலோர நகராட்சி, பேரூராட்சி மன்றத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ பூட்டிக் கிடக்கும் பழைய கிட்டங்கி ஒன்றைக் கலைக்கூடமாக்கலாம் என்று யாராவது பேச்செடுத்தால், ‘கொச்சியில் செய்து காட்டியிருக்கிறார்களே’ என்று உடனே மறுமொழி வரும். செய்து காட்டியிருக்கிறார்கள்தான். 1867இல் தொடங்கிய ஆஸ்பின்வால் நிறுவனம் மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் ஏற்றுமதி செய்த வளாகம், 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலே என்னும் ஈராண்டுக் கலைவிழாவின் முதன்மை அரங்கானது. வில்லிங்டன் தீவில் நவீனத் துறைமுகம் வந்தபின் மட்டாஞ்சேரிக் கரையில் சரக்கு குறைந்துபோன கட்டடங்களுக்கு அந்த விழா வேறொரு பிழைப்பைக் கொடுத்தது. நம் மாவட்டத்திலிருந்து ஒரு குழு அதைப் பார்த்து வருவது நல்லதே. எப்போது போவது, எதைப் பார்ப்பது என்பதில்தான் எங்களுக்குச் சொல்ல இருக்கிறது.

விழா நடக்கும் ஜனவரியில் போனால் வெள்ளையடித்த சுவரும் விளக்கும் கூட்டமும்தான் கண்ணில் படும். ஒருமுறை இடவப்பாதி (தென்மேற்கு) மழை கொட்டும் ஜூன், ஜூலையில் போங்கள். எறணாகுளம் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சி இறங்கி, கல்வெட்டி சாலை வழியாக மட்டாஞ்சேரிவரை நடந்தே போகலாம். பினாலேயின் இன்னோர் அரங்கான பெப்பர் ஹவுஸ் வழியில்தான். எந்தக் கட்டடமானாலும் முதலில் கூரையை அண்ணாந்து பாருங்கள், பிறகு சுவரின் அடி ஒரு மீட்டரைப் பாருங்கள். 2022இல் டிசம்பர் 12 என்று அறிவித்த பினாலேயின் தொடக்கம் 23க்குத் தள்ளிப்போனது. அப்போது கலைஞர்கள் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் அரங்குக்குள் மழைநீர் ஒழுகியதும் மின்சாரம் நிலையாக இல்லாததும் குறைகளாக இடம்பெற்றன. நாலு விழா நடத்திப் பழகியவர்களுக்கே அந்தக் கதி.

நமக்கு ஒரு படி கூடுதல் சிக்கல். மட்டாஞ்சேரி காயலோரம், அலையடி கிடையாது. குளச்சலில் திறந்த கடல், உப்புச் சாரல் நேரே சுவரில் அடிக்கும். பழைய வெட்டுக்கல் (செம்பாறாங்கல்) சுவரில் உள்ளங்கையைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அதன்மேல் சிமென்ட் பூசி எமல்ஷன் அடிப்பதுதான் ஒப்பந்தக்காரர் வழக்கம். திறப்பு விழாப் புகைப்படத்துக்கு அது அழகாகத்தான் இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கும். நீர் காய்ந்து உப்பு படிகமாகி விரியும்போது பூச்சு பொருமி, கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு விழும்.

செய்ய வேண்டியது இது. சிமென்ட் பூச்சை உளியால் மெல்லக் கொத்தி எடுங்கள். இயந்திரச் சுத்தியல் வேண்டாம், வெட்டுக்கல் தாங்காது. கல் இடுக்கில் உதிரும் சாந்தை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். வெளியே பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிச் சேகரித்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள்ளேயே போகும். பிறகு நனைத்த காகிதக்கூழை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, முழுக்கக் காய்ந்ததும் உரித்தால் உப்பு அதோடு வரும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். அதன்பின் நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 10 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காக்க வேண்டும், வெயிலில் விட்டால் வெடிக்கும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், பெயிண்ட் கிடையாது. கடல்மணல் கலந்தால் இத்தனையும் வீண்.

இவ்வளவு செய்தாலும் அந்தச் சுவரில் படம் மாட்டாதீர்கள். 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் தனிச்சுவர் கட்டி, பழைய சுவருக்கும் அதற்கும் 75 முதல் 100 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்றுப் போக வழி வையுங்கள். திருகுகளுக்கு 316 தர எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடையில் வெறும் ‘எஸ்.எஸ்.’ என்று கேட்டால் பெரும்பாலும் 202 வரும், கடலோரத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறிப் பழுப்பாகிவிடும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல தரம் என்று சொன்னால் நம்ப வேண்டாம், 202இலும் ஒட்டாது.

கூரை ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பள்ளம் மாறும் என்பதால் புது ஓடு பழைய ஓட்டோடு பொருந்தாது; மாவட்டத்தில் வீடு இடிக்கும் இடங்களில் அதே முத்திரை ஓட்டைத் தேடி வாங்கிச் சேர்த்துவையுங்கள். ஒழுகுவது பெரும்பாலும் முகட்டிலும், இரண்டு கூரை சேரும் தகர வாய்க்காலிலும். கழுக்கோலின் (கூரையைத் தாங்கும் சாய்வு மரத்தின்) சுவருக்குள் புதைந்த நுனியைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். வெளியே திடமாகத் தெரியும் மரம் அங்கேதான் மக்கியிருக்கும்.

மின்சாரத்துக்கு மும்முனை இணைப்பு. ஈரச் சுவரில் சிறு மின்கசிவு வந்தாலும் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பான் விழுந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும், விழத்தான் வேண்டும். மொத்த அரங்கும் ஒரே தடுப்பானில் இருந்தால் பார்வையாளர் நடுவே இருட்டு. அறைக்கு ஒன்றாகப் பிரியுங்கள். புரொஜெக்டர்களுக்குத் தனி யு.பி.எஸ். வையுங்கள்.

இத்தகைய கட்டடத்தில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தவே முடியாது. ஆகவே ஓலைச்சுவடி, பழைய காகித ஓவியம் எதையும் இரவல் கேட்காதீர்கள். மயிலாடிக் கல்சிற்பம், சுங்கான்கடை மண்பாண்டம், ஒலி, ஒளிப்படக்காட்சி ஆகியவை அங்கே தாக்குப்பிடிக்கும். ஒவ்வொரு நாள் விடியலிலும் புதிதாகக் கட்டும் தோவாளைப் பூமாலையான மாணிக்க மாலையை ஒரு கலைஞர் எப்படிக் கையாளுவார் என்று பார்க்க எங்களுக்கே ஆசை.

நாள் குறிக்கும்போது கொச்சியின் டிசம்பரைக் காப்பியடிக்க வேண்டாம். இங்கே வடகிழக்கு மழையும் உண்டு. ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் 30. சபரிமலைக் கூட்டத்தால் கன்னியாகுமரி விடுதிகள் நிறைந்து வழிவதும் அப்போதுதான். ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் நடுவில் முடிப்பது உத்தமம்.

மட்டாஞ்சேரிக்கும் நமக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு, நம் கரை ஓய்ந்த கரை அல்ல. விடியலில் ஏலம், ஐஸ் லாரி, வலை காயப்போட மணல், வள்ளம் ஏற்றும் வழி எல்லாம் நடப்பில் இருக்கின்றன. லாரிக்கு நாலு மீட்டர் வழியை மஞ்சள் கோடு போட்டு ஒதுக்கிவிட்டு மீதியில் திட்டம் வரையுங்கள். பார்வையாளரைப் பதினொரு மணிக்குமேல் விடுங்கள். மீன் நாற்றம் என்று புகார் எழுதுவார்கள். அந்தப் புகாரைப் பதிவேட்டில் ஏற்றாமலிருந்தாலே பாதிச் சண்டை தீரும். அலையேற்றக் கோட்டிலிருந்து (கடல் ஏறிவரும் உச்ச எல்லையிலிருந்து) 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை விதி பேசும் என்பதால், புதுச் சுவர் எழுப்புமுன் அந்த அனுமதியையும் கேளுங்கள்.

குத்தகை குறைந்தது 5 ஆண்டு இருக்கட்டும். மூன்று மாத வாடகைக்கு எடுப்பவர் யாரும் அடுத்தவர் கூரையைப் பழுதுபார்க்க மாட்டார். முதல் ஆண்டுப் பணம் முழுவதும் கூரை, சுவர், வடிகால், கழிப்பறை என்றே போகட்டும், அதில் பெண்கள் கழிப்பறை ஆண்களுடையதைப்போல் இரண்டு மடங்கு. அந்த ஆண்டு விழா வேண்டாம்.

கொச்சிக்குப் போகும் குழுவில் அதிகாரிகளோடும் கலைஞர்களோடும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரும், ஒரு மின்பணியாளரும், கரையில் ஏலம் நடத்தும் ஒருவரும் இருக்க வேண்டும். அவர்களுக்கு அன்றைய கூலி போகும். அதையும் பயணச் செலவுக் கணக்கில் சேருங்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டடப் பராமரிப்பிலும் அரங்க அமைப்பிலும் உள்ள தொழிலாளர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்