ஒரே மொட்டைமாடி, இரண்டு வேலை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. திருமங்கலத்து வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று, தட்டோடு இன்னும் பதிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நல்ல நேரத்தில்தான் கேட்டாய். பதித்த பிறகு என்றால் பாதியை உடைத்துத்தான் செய்ய வேண்டும். அக்காவுக்கு மூட்டு வலி குறைந்ததா? பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? இங்கே எல்லோரும் சுகம்.

கரண்டுக்கும் தண்ணீருக்கும் யாரையும் எதிர்பார்க்காத வீடு வேண்டும் என்கிறாய். மாடியில் விழும் மழைநீரைத் தேக்கினால் குடிநீரில் அது முழுசாக நடக்கும். கரண்டில், மாடியில் சோலார் வைத்தாலும் ஈபி இணைப்பையே வெட்டிவிடும் யோசனையை விட்டுவிடு. கார்த்திகையில் மூன்று நாள் மூட்டம் போட்டால், அதைத் தாங்கும் பேட்டரிக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு அறை கட்டலாம்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. உன் மாடி 1000 சதுர அடி. 1 மி.மீ. மழைக்கு 93 லிட்டர் விழும், சேதாரம் போக 75 லிட்டர் கையில் நிற்கும். நாலு பேர் குடிக்க, சமைக்க நாளைக்கு 40 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி இருந்தால் 250 நாள் ஓடும். தை பிறந்ததிலிருந்து ஆவணி முடிய. அது நிரம்ப 135 மி.மீ. மழை போதும், ஐப்பசி அடைமழை ஒழுங்காகப் பெய்தால் அதிலேயே ஆகிவிடும். உள்ளளவு 8 அடிக்கு 7 அடி, ஆழம் 7 அடி வை. குளிக்க, துவைக்க மழைநீரைத் தேக்க நினைக்காதே. அதற்குத் தொட்டி கட்டி மாளாது. அது போர் தண்ணீரிலேயே நடக்கட்டும்.

வடிகட்டியில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். டிரம்மில் ஜல்லி, கரி, மணல் என்று அடுக்கித் தருவார்கள், பார்க்க அழகாக இருக்கும். மணிக்கு 50 மி.மீ. மழை கொட்டினால் உன் மாடியிலிருந்து நிமிடத்துக்கு 77 லிட்டர் இறங்கும், அதாவது ஐந்து குடம். மணல் அந்த வேகத்துக்கு விடாது. நல்ல மழை எல்லாம் டிரம்முக்கு மேலே வழிந்து தெருவுக்குப் போகும். அதனால் குழாயில் கழற்றிக் கழுவக்கூடிய ஸ்டீல் வலை வடிகட்டி, அடுத்து 2 அடிச் சதுரத்தில் ஒரு வண்டல் தொட்டி, அது போதும். குடிக்கும் முன் காய்ச்சிக்கொள். ஆர்.ஓ. வேண்டாம், மழைநீரில் உப்பே கிடையாது, எதை எடுக்கப் போகிறது?

வலைக்கு முன்னால் 6 அங்குல பிவிசி குழாயை 10 அடி உயரத்துக்கு நட்டு, அடியில் மூடி போட்டு, மூடியில் 3 மி.மீ. ஓட்டை வை. மாடி அழுக்கோடு வரும் முதல் 50 லிட்டர் அதில் அடைந்துகொள்ளும், பிறகு வருவதுதான் தொட்டிக்குத் திரும்பும். மழை விட்டதும் ஓட்டை வழியே சொட்டிக் காலியாக வேண்டும். இலைத்தூள் அடைத்துக்கொண்டால் குழாய் எப்போதும் நிறைந்தே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு நேரே குடிநீரில்தான். மூடியை ஒட்டவே கூடாது, மரை மூடியாகப் போடு. கோடைக்குப் பின் வரும் முதல் இரண்டு மழையை வால்வைத் திருப்பி முழுக்க வெளியே விட்டுவிடு.

தொட்டிக்குள் வரும் குழாய் அடியில் மேல்நோக்கி வளைந்திருக்கட்டும், வண்டல் கலங்காது. மோட்டார் உறிஞ்சும் குழாயின் நுனியில் வரும் ஃபுட் வால்வு தொட்டித் தரையிலிருந்து 1 அடி மேலே. காற்றுக் குழாய்க்கும் வழிந்தோடிக்கும் கொசுவலை. வழியும் நீரை நேராகப் போரில் விடச் சொல்வார்கள், சம்மதிக்காதே. வண்டல் போய் ஊற்றுக்கண்ணை அடைக்கும். 3 அடி சிமெண்ட் உறை இறக்கி ஜல்லி நிரப்பிய குழிக்கு விடு, அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளி.

இனி கரண்ட். 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்தது) மாட்டு. ஐந்து ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 160 யூனிட் குறையும். அப்புறம் 3 கிலோவாட் சோலார். நாளுக்குச் சராசரி 12 யூனிட் வரும், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். சித்திரை வெயிலில் அள்ளும் என்று எண்ணாதே: பேனல் 60 டிகிரிக்கு மேல் காய்ந்தால் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். அடியில் காற்றோட்டம் வேண்டும்.

ஒன்று தெரிந்துகொள். ஆன்கிரிட் சோலார், அதாவது ஈபி லைனோடு இணைத்த சோலார், ஈபி கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர் மேல் உன் வீட்டுக் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி. அதனால் தனியாக ஒரு இன்வெர்ட்டரும் 150 ஏஎச் பேட்டரியும் வை. நாலு பிஎல்டிசி ஃபேன், ஐந்து எல்ஈடி, வைஃபை எல்லாம் சேர்த்து 180 வாட். நாலு மணி நேரம் தாங்கும். மோட்டாரை அதில் போடாதே. பகலிலேயே மேல்தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்.

அந்த மேல்தொட்டிதான் வம்பு. வாஸ்து பார்த்துக் கன்னிமூலையில், அதாவது தென்மேற்கில் வைப்பீர்கள். மார்கழியில் மூன்று மணி வெயிலுக்கு அதன் நிழல் உயரத்தைவிட நீளமாக விழும், அதுவும் வடகிழக்காக, பேனல் மேலேயே. ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே மந்தமாகும். அளந்து தள்ளி வை. பேனல் தெற்கு பார்த்து 10 டிகிரி சாய்வு. அதைவிடத் தட்டையாகப் படுத்தால் கீழ் விளிம்பில் தூசி படியும். தளத்தில் போல்ட் அடிக்க விடாதே, ஒழுகும். கான்கிரீட் பீடம் கட்டச் சொல். பேனல் வயர்களைச் சேர்க்கும் கனெக்டரின் இரண்டு முனையும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும், வேறு வேறு கம்பெனியைச் சொருகினால் சூடேறித் தீப்பிடிக்கலாம். எர்த் குழி மூன்று: டிசிக்கு (பேனல் பக்கம்), ஏசிக்கு (வீட்டு கரண்ட் பக்கம்), இடிதாங்கிக்கு.

பேனலைப் போர் தண்ணீரில் கழுவினால் உப்புக்கறை படியும், மழைநீரில் கழுவு. விடிகாலையில், கண்ணாடி சூடேறும் முன். சோப்புத்தூள் கூடாது, அந்த மாடிதான் உன் குடிநீர்.

தட்டோட்டுக்கு 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் கொடுக்கச் சொல். கேபிள் இறங்க ஒரு 2 அங்குலக் குழாயையும் இப்போதே பதித்துவிடு. மேல்தொட்டி உயரத்தையும் மாடியின் நாலு பக்க அளவையும் தாளில் வரைந்து அனுப்பு, பேனல் இடத்தைக் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
செல்வம்