விமானங்கள் வந்து இறங்குற நாளுக்கும் டிக்கெட் போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம். ஏர் ஷோன்னாலே எல்லாரும் சாகசம் நடக்குற நாளைத்தான் பேசுறாங்க, ஆனா இங்கிலாந்துல ஃபேர்ஃபோர்டு விமானப்படை தளத்துல ஜூலை மாசம் நடக்குற ரியாட் (ராயல் இன்டர்நேஷனல் ஏர் டாட்டூ) ஷோவுக்கு முன்னாடியே பல நாட்டு போர் விமானங்கள் ஒண்ணொண்ணா வந்து இறங்க ஆரம்பிச்சிடும், போட்டோ எடுக்கிறவங்களுக்கு அதுதான் திருவிழா. சக்கரம் ரன்வேயைத் தொட்டதும் டயர்லேர்ந்து குப்புன்னு கிளம்புற வெள்ளைப் புகை இருக்கே, அது ஒண்ணு போதும்ங்க! அங்க ரன்வே கிழக்கு மேற்கா இருக்கிறதால தெற்குப் பக்கம் நின்னா வெயில் நம்ம முதுகுல, விமானத்து மேல வெளிச்சம் நல்லா விழும். ஜெட்டுக்கு கேமரா ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடிக்கு மேல வைக்கலாம், ஆனா ஹெர்குலிஸ் மாதிரி ப்ரொப்பெல்லர் விமானம் வந்தா 1/250க்கோ அதுக்கும் கீழயோ இறக்கணும், இல்லாட்டி விசிறி அப்படியே நின்னுபோய் விமானம் அந்தரத்துல தொங்குற மாதிரி தெரியும். மத்தியானம் கான்கிரீட்லேர்ந்து வர்ற அனல் படத்தை நெளிய வச்சு, எவ்வளவு விலை லென்ஸையும் தோக்கடிச்சிடும்.

நம்ம நாட்டுல பெங்களூர் எலகங்கா விமானப்படை தளத்துல 1996லேர்ந்து ஏரோ இந்தியாங்கிற விமானக் கண்காட்சி நடக்குது. தளத்துக்கு வெளிய நின்னு கண்டபடி படம் எடுக்க விட முடியாது, பாதுகாப்பு விஷயம், புரியுது. அதனாலதான் கேக்குறேன், அடையாள அட்டை பாத்து, டிக்கெட் போட்டு, விமானங்கள் வந்து இறங்குற ஒரு நாள் மட்டும் எங்களை உள்ள விடுங்க.

– விமானப் பட ஆர்வலர், கோவை